வளர்ப்பு மகளின் ஒப்பாரி

இரங்கல் அட்டையை என் தம்பி எல்மர்தான் அச்சடித்து வாங்கி வந்தான். முன்பக்கம் ஃபவுஸ்தோ கலினாத்தோவின் சிரித்த முகம், பின்னால் கடல். உள்ளே குடும்பத்தார் பெயர்கள். மனைவி கான்சொலாசியோன். மகன் எல்மர். பேரன் ப்ரைசன். அதற்கும் கீழே, இடம் மிச்சம் இருந்ததால் போட்டதுபோல, வளர்ப்பு மகள் ஹெர்மினியா.

ஹெர்மினியா நான்தான். வீட்டில் மினிங். சரியாக வந்திருக்கிறதா என்று எல்மர் கேட்டான். சரியாக இருக்கிறது என்றேன். என் பெயரைப் போட வேண்டுமா என்று அவன் மனைவி கேட்டாளாம். போட்டே ஆகவேண்டும் என்று சண்டை பிடித்தானாம். அதை என்னிடம் பெருமையாகச் சொன்னான். எல்மர் நல்லவன். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஃபவுஸ்தோ என் சொந்த அப்பா. என்னைப் பெற்றவர். இது தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர்: அவர், அம்மா, நான். போன செவ்வாய்க்கிழமையிலிருந்து இரண்டு பேர்.

கதை பெரிய கதையெல்லாம் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வீடு கிடைக்கும். என் தாத்தா, அப்பாவின் அப்பா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறி ஹவாய்க்கு வந்தவர். இங்கே காலூன்றியதும் மகனை அழைக்க மனுப் போட்டார். கல்யாணமாகாத மகனை மட்டும்தான் அவர் அழைக்க முடியும். எங்கள் ஊரான வின்டாரில் ஜெபம் தெரியாத குழந்தைக்குக்கூட இந்தச் சட்டம் தெரியும். ஆனால் மனு வந்து சேர வருடக்கணக்காகும். வாலிபம் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்குமா? மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கோவிலில், எந்தப் பதிவிலும் ஏறாமல், அப்பா அம்மாவுக்கு மோதிரம் போட்டார். அடுத்த வருடம் நான் பிறந்தேன். என் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு இருக்கிறது. நேராக, அழகாகப் போட்ட கோடு.

எனக்கு ஐந்து வயதானபோது மனு வந்தது. கல்யாணமாகாதவர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பா விமானம் ஏறினார். நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்து, ஊரறிய, மேளதாளத்தோடு அம்மாவை இன்னொரு தடவை கல்யாணம் செய்துகொண்டார். என் அப்பா அம்மா கல்யாணத்தில் பூக்கூடை தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவள் நான். எத்தனை பேருக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்?

அன்று காலையில் அவர் என்னை வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். கையில் ஒரு சாக்லேட் பெட்டியைக் கொடுத்தார். குனிந்து, என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, "இன்னையிலேர்ந்து என்னை மாமான்னு கூப்பிடணும் மினிங். கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? சாக்லேட்டைத் தின்றேன். மாமா என்று கூப்பிட்டேன். அந்தக் கொஞ்ச நாள் நாற்பத்து மூன்று வருடம் ஆயிற்று.

அம்மாவுக்கு விசா வந்தபோது, மனைவியின் மகள் என்று சொல்லி என்னையும் கூடவே அழைத்துப் போயிருக்கலாம். தகப்பன் பெயர் தெரியாத பிள்ளையோடு ஒருத்தியைக் கட்டிக்கொள்வது குற்றமில்லையே. ஆனால் என் முகம் குறுக்கே வந்தது. அப்பாவின் விரிந்த காது, அப்பாவின் மேலுதடு, ஒரு பக்கம் ஏறிய புருவம், எல்லாம் அப்படியே எனக்கு. "உன்னையும் அவரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சா, தூதரகத்துல வாசல் கூட்டுறவன்கூடக் கண்டுபிடிச்சிடுவான்டி" என்றாள் அம்மா. கண்டுபிடித்தால் அப்பா சொன்ன பொய் வெளியே வரும். எல்லோரும் திரும்பி வர வேண்டியதுதான். அதனால் என்னை மட்டும் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அதற்கும் கொஞ்ச நாள்தான் என்றார்கள்.

எல்மர் இங்கே பிறந்தான். எனக்கு இருபத்தோரு வயது ஆனபிறகு, அம்மா குடியுரிமை வாங்கி என் பேரில் மனுப் போட்டாள். இப்போது பழைய சட்டம் என் கழுத்துக்கு வந்தது. கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தால் ஒரு வரிசை. செய்துகொண்டால் அதைவிட நீண்ட வரிசை. அப்பா அந்தச் சட்டத்தை ஏமாற்றிவிட்டுப் போனவர். பாவம், எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அம்ப்ரோசியோ என்று ஒருவன் இருந்தான். நெல் அரைக்கும் இயந்திரம் வைத்திருந்தான். வாயைத் திறந்தால் சிரிப்பு மூட்டுவான். ஆறு வருடம் பொறுத்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்பான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மாவின் கடிதம் வரும், மாமா சொல்லச் சொன்னார், இன்னும் கொஞ்ச நாள் என்று. ஏழாவது வருடம் அவன் பக்கத்து ஊரான சர்ராத்தில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியையைக் கட்டிக்கொண்டான். எனக்கும் அழைப்பு வைத்தான். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

விசா கைக்கு வந்தபோது எனக்கு முப்பத்து நான்கு வயது. ஹொனலுலு விமான நிலையத்தில் மாலையோடு நின்றிருந்தார் அப்பா. கூட கரும்பாலையில் பழகிய சிநேகிதர்கள் மூன்று பேர். என் கழுத்தில் மாலையைப் போட்டு, அவர்கள் பக்கம் திரும்பி, "சோலாவோட பொண்ணு. எனக்கும் பொண்ணு மாதிரிதான்" என்றார். சோலா என்றால் அம்மா. அவர்கள் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். உன் மனசு யாருக்கு வரும் என்றார்கள். அவரும் ஒன்றும் மறுக்கவில்லை.

அந்த 'மாதிரி'யோடு பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தேன். ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை எனக்கு. காலையில் அவருக்குச் சோறு கட்டுவேன். மாலையில் அவர் சட்டையைத் துவைப்பேன். நாங்கள் இருந்த வைபாஹுவில் அவர் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்பார்கள். அடுத்தவன் பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுகிறவர் என்று கோவிலில் பாதிரியாரே ஒருமுறை சொன்னார். அம்மா பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அடுத்தவன் யார் என்று எவரும் அவளிடம் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டார்கள்.

முகத்தைப் பார்த்துமா தெரியவில்லை என்று கேட்பீர்கள். தெரிந்தது. பக்கத்துத் தெரு பசிலியா கிழவி, ஒரே உலையில் வடித்த சோறு தின்றால் முகம்கூட ஒன்றாகிவிடும் போலிருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பாள். அதோடு சரி.

உழைப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலையில் தொடங்கி, ஆலையில் சக்கை தள்ளி, ஆலையை மூடியபின் விமான நிலையத்தில் தரை துடைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ராணுவக் குடியிருப்பில் புல் வெட்டினார். காய்ச்சலோடு போவார். நகம் பெயர்ந்த விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு போவார். நின்றுகொண்டே சாப்பிடுவார். எழுபத்தாறு வயதில் மேலதிகாரியே கெஞ்சித்தான் வேலையிலிருந்து அனுப்பினார். இதில் ஒரு சொல் பொய்யில்லை. ஆனால் எனக்கு ஒன்று தோன்றும். அப்படி உழைக்கிற மனிதனை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

பேரன் பிறந்த பிறகு வேறு ஆளாகிவிட்டார். பள்ளிக்கூட வாசலில் குடையோடு நிற்பார். பப்பாளியில் ஒரு விதை இல்லாமல் சுரண்டி, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பார். ப்ரைசன் அவர் காதைப் பிடித்துத் தொங்குவான். வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறு வயதுக் குழந்தையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பட்டேன்.

மருத்துவமனையில், அவர் போவதற்கு நான்கு நாள் முன்னால், நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். எல்மர் வரும் நேரம். அவனிடம் இப்போதாவது சொல்லுங்கள் என்றேன். என் வாழ்க்கையில் அவரிடம் நான் கேட்டது அது ஒன்றுதான். என் கையைப் பிடித்து, "அவன் என்னைப் பெரிய மனுஷன்னு நெனச்சிட்டிருக்கான் மினிங்" என்றார்.

அவ்வளவுதான். எல்மர் ஆரஞ்சுப் பழத்தோடு உள்ளே வந்தான்.

அடக்கத்துக்கு முந்தின நாள் மதியம், அம்மாவும் நானும் சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கீரையும் பாகற்காயும் போட்டுக் குழம்பு வைக்க வேண்டும். எங்கள் வழக்கத்தில் செத்தவருக்கு ஒப்பாரி வைப்பது மனைவியோ மகளோதான். கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து அவர் வாழ்க்கையைப் பாட வேண்டும். அவரிடம் இருக்கும் மனக்குறையையும் அதிலேயே சொல்லலாம். நடுவில் யாரும் நிறுத்தக் கூடாது. அம்மாவுக்கு மூச்சு பற்றாது. அதனால் நான்தான் பாட வேண்டும்.

"நீ அழு. ஆனா பாத்து அழு" என்றாள் அம்மா.

எதைப் பார்த்து என்று கேட்டேன். இந்த ஊரில் அவருக்கு இருக்கும் பேரைப் பார்த்து என்றாள். குழிக்குள் போகிற மனிதனைக் குப்புறத் தள்ளாதே என்றாள். இனி யாருக்கு என்ன ஆபத்து, அவரை யாரும் நாடு கடத்தப் போவதில்லையே என்றேன். அவள் ஒரு காம்பை உருவி, இலையை ஒதுக்கினாள்.

"உன் பேரு?" என்று கேட்டேன். "உன் பேரப் பத்தி நீ நெனச்சதே இல்லையா? எவனுக்கோ என்னப் பெத்தேன்னு அம்பது வருஷமா பேசுறாங்க."

"எம்பேரு கெட்டது எனக்குப் பழகிடுச்சுடி" என்றாள். "அவரு பேரு கெட்டா எனக்குத் தாங்காது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கீரைத் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பாடத்தான் போகிறேன். பார்த்துப் பாடப் போவதில்லை. மண்ணுக்குள் இறங்குவதற்குள் ஒரு தடவை, ஊர் கேட்க, அவரை அப்பா என்று கூப்பிட்டுவிட வேண்டும். அம்மா தலையையும் நிமிர்த்திவிட வேண்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. முதலில் ப்ரைசன் பேசினான். தாத்தா மூன்று வேலை பார்த்தார், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி அழுதான். பதினான்கு வயதுப் பையன் அழுதால் யாருக்குத்தான் தாங்கும். திரையில் படங்கள் ஓடின. கரும்பு வெட்டும் கத்தியோடு, துடைப்பத்தோடு, புல் வெட்டும் இயந்திரத்தோடு, மடியில் பேரனோடு. நானும் ஒரு படத்தில் இருந்தேன். பின்னால், குழம்புச் சட்டியோடு.

பிறகு பசிலியா கிழவி கறுப்புத் துணியை எடுத்து என் தலையில் போட்டாள். பெட்டி அருகே உட்கார்ந்தேன். அவர் முகத்துக்கு மாவு பூசியிருந்தார்கள். காது மட்டும் காதாகவே இருந்தது.

வழக்கப்படி தொடங்கினேன். வின்டார் ஆற்றங்கரையில் பிறந்தவரே, அப்பன் கப்பலேறியபோது எருமை மேய்த்தவரே என்று. தண்ணீர் பாய்ச்சியதைப் பாடினேன். சக்கை தள்ளியதைப் பாடினேன். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அம்மா முன்வரிசையில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னப் பெத்த அப்பா" என்று பாடினேன். "மலையடிக் கோவிலிலே மோதிரம் போட்டாயே, மனுஷர் அறியாமப் பொண்டாட்டி ஆக்குனியே. எம்பேருக்குப் பக்கத்துல எழுத மனசில்லாம, கோடு ஒண்ணப் போட்டுட்டுக் கடல் தாண்டிப் போனியே. எங்கம்மா எவனுக்கும் பெக்கலியே, உனக்குத்தான் பெத்தாளே. ஊரு வாயில அவள விட்டுட்டு, உத்தமன்னு இருந்தியே. மாமான்னு கூப்பிட்டேனே, மறுபடி கூப்பிட வழியில்லாமப் போச்சே. எந்திரிச்சு ஒருவாட்டி, எம்பொண்ணுன்னு சொல்லுப்பா."

குரல் உடைந்துவிட்டது. அதுவரை சத்தியம் செய்கிற வீம்பில்தான் பாடினேன். அப்பா என்ற சொல் வாயில் வந்ததும், ஒன்பது வயதில் அடக்கியது எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு ஆசையும் இருந்திருக்கிறது.

துணியை விலக்கிப் பார்த்தபோது மண்டபம் அசையவில்லை. இளசுகளுக்கு எங்கள் பாஷை புரியாது. ப்ரைசன் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். எல்மருக்குப் பாதி புரியும். புருவத்தைச் சுருக்கி அம்மாவைப் பார்த்தான். ஆனால் கிழவிகளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஒருத்தி தரையைப் பார்த்தாள். ஒருத்தி ஜெபமாலையை உருட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த முக்கால்வாசிப் பேர் வீட்டிலும் இப்படி ஒரு கோடு இருக்கிறது. இரண்டு தடவை கல்யாணம் செய்துகொண்டவர்கள், தம்பி என்று சொல்லி மகனைக் கூட்டி வந்தவர்கள், பெற்ற பிள்ளையை ஊரில் விட்டுவிட்டுப் பேர் சொல்லாமல் இருப்பவர்கள். என் அப்பாவின் பெட்டியைத் திறந்தால் எத்தனை பெட்டி திறக்கும்?

பசிலியாதான் முதலில் வாய் திறந்தாள். அம்மாவின் முழங்கையைத் தொட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னாள். "வளத்தவரையே பெத்தவரா நெனச்சு உருகுது பாரு புள்ள. ஒப்பாரின்னா இப்படித்தான் இருக்கணும். இல்ல சோலா?"

அவள் முட்டாள் அல்ல. ஒப்பாரியில் கடைக்காரன் செத்தால்கூட என்னைப் பெத்த அப்பா என்றுதான் பாடுவோம். அந்த வழியைத் திறந்து வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். போவதும் போகாததும் உன் இஷ்டம் என்கிற பார்வை. எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். எல்மர் பார்த்தான். நான் பார்த்தேன். இல்லை என்று ஒரே ஒரு சொல் போதும். நான் சொன்னது சாட்சியாகிவிடும். எனக்கு ஒரு அப்பா, எல்மருக்கு ஒரு சொந்த அக்கா, அவளுக்கு அவள் மானம், மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருந்தன.

அம்மா கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தாள். கண்ணைத் துடைத்தாள்.

"ஆமா" என்றாள். "அவ்வளவு பாசமா வளத்தாரு."

வரிசை முழுவதும் மூச்சு விட்டது. யாரோ சோறு ஆறிவிடும் என்றார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. எல்மர் வந்து என்னைக் கட்டிக்கொண்டான். அப்பா கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்றான். அவன் தோளுக்கு மேலே அம்மாவைப் பார்த்தேன். அவள் பெட்டிக்குள் குனிந்து, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அவர் பயந்தார், அதனால் பொய் சொன்னார். அதையாவது என்றைக்காவது மன்னித்துத் தொலைக்கலாம். அம்மாவுக்கு அன்றைக்கு என்ன பயம்?

கல்லறையில் பந்தல் போட்டு, நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டிருந்தார்கள். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆள், மனைவி, மகன், பேரன் என்று ஒவ்வொருவராக முன்வரிசையில் உட்காரவைத்தான். என்னைப் பார்த்துவிட்டு மறுபடி அட்டையைப் பார்த்தான். நானே இரண்டாம் வரிசைக்குப் போய்விட்டேன். பெட்டி இறங்கும்போது அம்மா திரும்பி, பக்கத்தில் வந்து உட்காரும்படி கையைக் காட்டினாள். நான் போகவில்லை.